அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டத்தில் இளைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களோடு வருகிறார்கள்: மார்ட்டின் லூதர் கிங்கின் மேடைப் பேச்சு, ரோசா பார்க்ஸ் விட்டுக்கொடுக்க மறுத்த பேருந்து இருக்கை. இந்தப் பக்கம் அவற்றுக்கு நடுவே நடந்த வேலையைப் பற்றியது. யார் திட்டமிட்டார்கள், எப்படிப் பயிற்சி எடுத்தார்கள், ஜாமீன் பணம் எங்கிருந்து வந்தது, எது சறுக்கியது, ஏன் சறுக்கியது என்பதையெல்லாம் கேட்கிறவர்களுக்காக எழுதியிருக்கிறோம்.

மாணவர் போராட்டம் 1960இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில்தான் தொடங்கியதா?

இல்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தன் பள்ளியையே வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி சுமார் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்கள் 450க்கும் மேல். இடம் போதாமல் தார் பூசிய காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் சிலர் ஊருக்குள் சிக்கலில் மாட்டியிருப்பதாகப் பொய்த் தகவல் கொடுத்துத் தலைமையாசிரியரை வெளியே அனுப்பினார்கள். அவர் பெயரில் ஆசிரியர்களுக்குச் சீட்டு எழுதி எல்லாரையும் கூட்ட அரங்குக்கு வரவழைத்தார்கள். திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா. தலைமையாசிரியரை அப்புறப்படுத்தியதில் ஒரு கணக்கு இருந்தது. தனக்குத் தெரியாமல் நடந்ததற்கு அவரைப் பொறுப்பாக்கி வேலையிலிருந்து நீக்குவது கடினம்.

மாணவர்கள் கேட்டது புதுக் கட்டடம். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்களான ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற முறையையே எதிர்த்து வழக்குப் போடுவதானால்தான் வருவோம் என்றார்கள். மாணவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இது ஒன்று. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கி வைத்த வழக்கு இதுதான்.

அலபாமாவின் மாண்ட்கோமரிக்கும் இது பொருந்தும். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, 15 வயது கிளாடெட் கால்வின் பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்துக் கைதானார். அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் அதையே செய்தார். மாண்ட்கோமரிப் பேருந்துகளில் பிரிவினையை ஒழித்த வழக்கின் மனுதாரர்களில் இந்த இருவரும் இருந்தார்கள். ரோசா பார்க்ஸ் அதில் இல்லை. 1958 ஆகஸ்டில் ஓக்லஹோமா சிட்டியில் ஆசிரியை கிளாரா லூப்பர் 13 பிள்ளைகளோடு ஒரு மருந்துக்கடையில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு கவுண்ட்டரில் போய் உட்கார்ந்தார். கிரீன்ஸ்பரோ நெருப்பைப் பரப்பியது. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

பெரியவர்கள் இருக்கையில் மாணவர்கள் ஏன் முன்னே நின்றார்கள்?

துணிச்சல் என்று பலர் பதில் சொல்வார்கள். முதன்மைக் காரணம் பிழைப்பு. தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பெரியவர் பெயர் பத்திரிகையில் வந்தால் அடுத்த நாள் வேலை போகும், வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும், குத்தகை வீடு காலியாகும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர் கையிலிருந்த கல்வி வாரியம். கல்லூரி மாணவருக்கு இந்தக் கயிறுகள் குறைவு. விடுதியில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்ததால், ஓர் இரவில் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

இதனால் பெரியவர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். கூட்டத்துக்குத் தேவாலயம் கொடுத்தவர்கள், வீட்டை அடமானம் வைத்து ஜாமீன் கட்டியவர்கள், களப்பணியாளருக்குப் படுக்கையும் சோறும் கொடுத்தவர்கள் அவர்கள்தான். மாணவர்கள் தனியாகச் சாதித்தார்கள் என்ற கதை பாதி உண்மைதான்.

உள்ளிருப்புப் போராட்டம் எப்படி நடத்தப்பட்டது?

1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு முதலாண்டு மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போனார்கள். நேரே உணவு கவுண்ட்டருக்குப் போகவில்லை. முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்தினார்கள். அதன்பிறகு உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதில்லை என்றபோது, பக்கத்துக் கவுண்ட்டரில் எங்கள் காசை வாங்கிக்கொண்டீர்களே என்று கேட்க அந்த ரசீது கையில் இருந்தது. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கு மேல், மூன்றாம் நாள் அறுபதுக்கு மேல், நான்காம் நாள் முந்நூறுக்கு மேல் வந்தார்கள். மார்ச் முடிவதற்குள் 13 மாநிலங்களில் 55 நகரங்களுக்குப் பரவியது. அந்தக் கவுண்ட்டர் ஜூலை 25 அன்று எல்லாருக்கும் திறந்தது.

பின்னர் வந்த நகரங்களில் இது முறையான வேலையாகவே மாறியது. வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். தேவாலயத்தில் கூடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை உடை, கையில் பாடப்புத்தகம். சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு தலைவர். உட்காராமல் வாடிக்கையாளர்போல் நின்று நடப்பதைக் கவனிக்க ஒருவர். அவர்தான் தேவாலயத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார். முதல் குழுவைப் போலீஸ் ஏற்றிச் சென்றதும் இரண்டாம் குழு அதே நாற்காலிகளில் உட்காரும், அடுத்து மூன்றாவது. 1960 பிப்ரவரி 27 அன்று டென்னசியின் நாஷ்வில்லில் இப்படித்தான் 81 பேர் கைதானார்கள். நாற்காலி மட்டும் காலியாகவில்லை.

கவுண்ட்டரில் அமர்வது அழுத்தத்தின் ஒரு பாதிதான். மறுபாதி கடைக்காரரின் கல்லாப்பெட்டி. நாஷ்வில் கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர் காலத்தில் நகர மையக் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். கலவரத்துக்குப் பயந்து வெள்ளை வாடிக்கையாளர்களும் வரவில்லை. புறக்கணிப்பு சேராத ஊர்களில் உள்ளிருப்பு நாள்கணக்கில் இழுத்தது.

நாஷ்வில் பயிற்சிப் பட்டறைகளில் என்னதான் கற்றுக் கொடுத்தார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இயக்கத்தின் முதுகெலும்பு இங்கேதான் இருந்தது. நடத்தியவர் ஜேம்ஸ் லாசன் என்ற இறையியல் மாணவர். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பிறகு நாக்பூரில் மூன்றாண்டு கற்பித்து, காந்தியின் முறைகளைக் கிட்டே இருந்து படித்துத் திரும்பியவர். 1959 இலையுதிர் காலத்தில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் வாரந்தோறும் நடந்த அவருடைய வகுப்புகளுக்கு டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் ஆகியோர் வந்தார்கள்.

முதல் பல வாரங்கள் வாசிப்பும் விவாதமும். அதற்கடுத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒத்திகை. ஒரு பாதி கவுண்ட்டரில் உட்காரும். மறுபாதி வெறி பிடித்த கூட்டமாக நடிக்கும். கெட்ட வார்த்தை சொல்வது, முகத்தில் சிகரெட் புகை ஊதுவது, முடியைப் பிடித்து இழுப்பது, தலையில் சாஸ் ஊற்றுவது, நாற்காலியோடு கீழே தள்ளுவது எல்லாம் உண்டு. வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் இடம் மாறி மாறி நடித்தார்கள்.

அடி விழும்போது செய்ய வேண்டியவை தனியே சொல்லிக் கொடுக்கப்பட்டன. விழுந்தால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, கைகளால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அடிப்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்த்து அடிப்பது கடினம். ஒருவரையே கூட்டம் மிதிக்கிறதென்றால் இன்னொருவர் நடுவே விழுந்து அடியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். திருப்பி அடிக்கக் கூடாது, ஆனால் நண்பனைக் காப்பாற்றலாம் என்ற இந்த நுணுக்கம் ஒத்திகை இல்லாமல் யாருக்கும் வராது.

தன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்று ஒத்திகையில் தெரிந்தவர்களைக் கவுண்ட்டருக்கு அனுப்பவில்லை. அவர்கள் கார் ஓட்டினார்கள், தட்டி எழுதினார்கள், தொலைபேசியில் உட்கார்ந்தார்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு பெரிய கடைகளில் சோதனைக்காக உட்கார்ந்து, மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். கிரீன்ஸ்பரோ செய்தி வந்தபோது அவர்கள் தயாராக இருந்தார்கள்: பிப்ரவரி 13 அன்று 124 பேர், மூன்று கடைகள்.

எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருந்த விதித்தாள் ஒன்றும் இருந்தது. திட்டினாலும் அடித்தாலும் திருப்பிச் செய்யாதே. சத்தம் போட்டுச் சிரிக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தைவிட்டு எழாதே. வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. நிமிர்ந்து, கவுண்ட்டரைப் பார்த்து உட்கார். கேள்வி கேட்பவரை மரியாதையாகத் தலைவரிடம் அனுப்பு. வாசலை மறிக்காதே என்பதற்குச் சட்டக் காரணம் உண்டு: மறித்தால் போலீசுக்கு வேறொரு குற்றச்சாட்டு தயாராகக் கிடைக்கும்.

ஏப்ரல் 19 அதிகாலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஒரு சொல்லும் பேசாமல் நகரமன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே டயான் நாஷ் மேயர் பென் வெஸ்டிடம், நிறத்தைப் பார்த்து ஒருவருக்குப் பரிமாற மறுப்பது தவறு என்று நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 முதல் ஆறு கடைகள் கவுண்ட்டர்களைத் திறந்தன. லாசனுக்குக் கிடைத்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம்.

ஜாமீனை ஏன் மறுத்தார்கள்? சிறையில் இருப்பதால் என்ன லாபம்?

கணக்கைப் பாருங்கள். நூறு பேர் கைதாகி ஆளுக்கு நூறு டாலர் என்றால் பத்தாயிரம் டாலர் நீதிமன்றத்தில் முடங்கும். கட்டுவது ஏழைக் குடும்பங்களும் தேவாலயங்களும். அபராதமாகிவிட்டால் பிரிவினையைக் காக்கும் நகராட்சிக்கே வருமானம். உள்ளேயே இருந்தால் சோறும் காவலும் நகராட்சியின் செலவு, சிறையும் நிரம்பும். நாஷ்வில்லில் ஜாமீனை 100 டாலரிலிருந்து 5 டாலராகக் குறைத்தும் மாணவர்கள் வெளியே வர மறுத்தார்கள். கடைசியில் நிர்வாகமே அவர்களை அன்றிரவு வெளியே விட்டது.

இதை முழுமையாகச் செய்து காட்டியது தென் கரோலினாவின் ராக் ஹில். 1961 ஜனவரி 31 அன்று கைதான இளைஞர்களில் ஒன்பது பேர், 100 டாலர் அபராதத்துக்குப் பதில் 30 நாள் கடின உழைப்பை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் துணையாக ஸ்நிக் என்ற மாணவர் அமைப்பிலிருந்து டயான் நாஷ், ரூபி டோரிஸ் ஸ்மித், சார்ல்ஸ் ஷெரட், சார்ல்ஸ் ஜோன்ஸ் நால்வரும் போய்க் கைதானார்கள். அந்தத் தண்டனைகள் 2015இல்தான் ரத்தாயின.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. படிப்பு நின்றுபோகும், உடல் தளரும், மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். மிசிசிப்பியில் மேல்முறையீட்டு உரிமை போகாமல் இருக்க 40 நாளுக்குள் ஜாமீன் கட்ட வேண்டும். அதனால் பேருந்துப் பயணப் போராட்டம் நடத்தி 1961இல் ஜாக்சனில் கைதான விடுதலைப் பயணிகள் பலர் 39 நாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார்கள்.

ஸ்நிக் என்றால் என்ன? கிங்கின் அமைப்பின் இளைஞர் பிரிவா?

மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர் ஸ்நிக். 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலேயில் ஷா பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர் மாநாட்டில் பிறந்தது. கூட்டியவர் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண். அப்போது அவருக்கு 56 வயது, கிங்கின் அமைப்பில் நிர்வாகி. அந்த அமைப்பிடமிருந்து 800 டாலர் வாங்கித்தான் மாநாட்டை நடத்தினார். ஆனால் மாணவர்கள் அந்த அமைப்பின் கிளையாகிவிடாமல் தனியாக நிற்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவரும் அவரே. வலுவான மக்களுக்கு வலுவான தலைவர் தேவையில்லை என்பது அவருடைய கொள்கை.

அது ஸ்நிக்கின் வேலை முறையிலேயே தெரிந்தது. முடிவுகள் விடிய விடியப் பேசி எடுக்கப்பட்டன, களைப்பூட்டும் முறைதான். ஆனால் உயிரைப் பணயம் வைக்கிறவர் அந்த முடிவில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. களப்பணியாளருக்கு வாரம் 10 டாலர், வரி போக 9 டாலர் 64 சென்ட். அந்தப் பணமும் பல வாரம் வராது.

விடுதலைப் பயணம் பாதியில் நின்றுபோனதா?

நிற்கவிருந்தது. 1961 மே 4 அன்று கோர் என்ற சிவில் உரிமை அமைப்பின் 13 பேர் வாஷிங்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் புறப்பட்டார்கள். மாநிலங்களுக்கிடையேயான பேருந்து நிலையங்களில் பிரிவினை கூடாது என்று 1960இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். இருக்கை ஏற்பாடு கவனமாகச் செய்யப்பட்டது: ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து அமர்வார்கள், ஒரு கறுப்பினத்தவர் முன்வரிசையில் இருப்பார், ஒருவர் மட்டும் பழைய வழக்கப்படியே உட்கார்ந்து கைதாகாமல் தப்பி, ஜாமீனுக்குத் தகவல் சொல்வார்.

மே 14 அன்று அலபாமாவின் அனிஸ்டன் அருகே ஒரு பேருந்து எரிக்கப்பட்டது. பர்மிங்காமில் இன்னொரு பேருந்தில் வந்தவர்கள் நையப்புடைக்கப்பட்டார்கள். ஓட்டுநர்கள் பேருந்தை எடுக்க மறுத்ததால் முதல் குழு விமானத்தில் போனது. வன்முறை ஒரு பயணத்தை நிறுத்திவிட்டது என்றாகிவிட்டால் இனி எந்தப் போராட்டத்தையும் அடித்தே நிறுத்துவார்கள் என்று நாஷ்வில் மாணவர்கள் முடிவு செய்தார்கள். ஒருங்கிணைத்தவர் அப்போதுதான் 23 வயது நிறைந்த டயான் நாஷ். கிளம்பியவர்களில் சிலர் உயில் எழுதிவைத்துவிட்டு வந்தார்கள். கோடை முடிவதற்குள் ஜாக்சனில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் கைதாகி, பலர் பார்ச்மன் சிறைப் பண்ணைக்குப் போனார்கள். அங்கே பாட்டை நிறுத்தச் சொல்லி மெத்தைகளைப் பறித்தார்கள், பாட்டு நிற்கவில்லை. நவம்பர் 1 முதல் பேருந்து நிலையங்களின் பிரிவினைப் பலகைகளை அகற்ற வேண்டும் என்ற மத்திய ஆணை அமலுக்கு வந்தது.

பர்மிங்காமில் சிறு பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பியது சரியா?

அப்போதே கடுமையாக விவாதிக்கப்பட்ட கேள்வி. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார், கிங்கும் தயங்கினார். 1963 ஏப்ரல் இறுதியில் கைதாகத் தயாராக இருந்த பெரியவர்கள் தீர்ந்துபோனார்கள். ஜேம்ஸ் பெவல் பள்ளி மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். முதலில் கால்பந்து வீரர்கள், வகுப்புத் தலைவிகள் என்று மற்றவர்கள் பின்தொடரும் பிள்ளைகளைப் பிடித்தார்கள். கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள் குறிப்பு மொழியில் நாளையும் இடத்தையும் சொன்னார்கள். பல் துலக்கும் பிரஷ் கொண்டுவரச் சொன்னது சிறைக்குத்தான்.

மே 2 அன்று பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து ஐம்பது ஐம்பதாக வெளியே வந்தார்கள். ஒரு குழுவைப் போலீஸ் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்தது கதவைத் திறக்கும். நூற்றுக்கணக்கில் கைது, சிறை நிரம்பிக் கண்காட்சி மைதானத்தில் அடைத்தார்கள். ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு ஒன்பது வயது, ஒரு வாரம் உள்ளே இருந்தார். மறுநாள் நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். அந்தப் படங்கள் உலகமெங்கும் போயின. மே 10 அன்று கடைக்காரர்கள் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடைபட்டவர்களை வெளியே எடுக்கத் தொழிற்சங்கங்கள் 1,60,000 டாலர் திரட்டின.

கல்வி வாரியம் 1,081 மாணவர்களை நீக்கவோ இடைநிறுத்தவோ உத்தரவிட்டது. இரண்டு நாளில் மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதை ரத்து செய்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அதே தேவாலயத்தில் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள்.

எங்கள் பார்வை இது. அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்தாலும் பாதுகாப்பாக இல்லை. அவர்கள் ஆபத்துக்குள் இழுக்கப்பட்டார்கள் என்பதைவிட, ஏற்கெனவே இருந்த ஆபத்துக்கு எதிராகப் பயிற்சியோடும் துணையோடும் நின்றார்கள் என்பதே சரி. ஆனாலும் இதை எங்கும் யாரும் அப்படியே பின்பற்றலாம் என்று சொல்ல மாட்டோம். வழக்கறிஞரும் ஜாமீன் பணமும் பயிற்சியும் இல்லாத இடத்தில் பிள்ளைகளை அனுப்புவது பொறுப்பின்மை.

எல்லாப் போராட்டமும் வென்றதா?

இல்லை; தோற்றவை கற்றுக் கொடுப்பது அதிகம். ஜார்ஜியாவின் ஆல்பனியில் 1961இல் 24 வயது சார்ல்ஸ் ஷெரடும் 18 வயது கார்டெல் ரீகனும் மக்களைத் திரட்டி, டிசம்பருக்குள் நூற்றுக்கணக்கானோர் கைதாகும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் அவர்களுடைய முறையைப் படித்து வைத்திருந்தார். கேமராவுக்கு முன் அடிக்கக் கூடாது என்று போலீசாருக்கு உத்தரவிட்டார். சுற்றியுள்ள கவுன்ட்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசி வைத்தார். சிறையை நிரப்பும் உத்தி அங்கேயே உடைந்தது. கிங் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனபோது, யாரோ பெயர் தெரியாதவர் கட்டியதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். பூங்கா, நூலகம், பேருந்து, வேலை என்று கோரிக்கைகள் விரிந்து கிடந்ததும் ஒரு குறை. பர்மிங்காமில் நகர மையக் கடைகள் என்று இலக்கைச் சுருக்கியது இந்தப் பாடத்தால்தான்.

மிசிசிப்பியில் வாக்காளர் பதிவு வேலை எப்படி நடந்தது?

மெதுவாக. 1961இல் பாப் மோசஸ் மெக்கோம் ஊரில் தொடங்கினார். வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, ஒருவரிடமே நான்கு ஐந்து தடவை போவது, பிறகு ஒரு மாலை வகுப்பில் படிவத்தை நிரப்பிப் பழக்குவது, கடைசியில் நீதிமன்றக் கட்டடத்துக்கு உடன் போவது. படிவத்தில் 21 கேள்விகள். பதிவாளர் காட்டும் மாநில அரசமைப்புப் பிரிவை எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். மொத்தம் 285 பிரிவுகள். எதைக் காட்டுவது, விளக்கம் சரியா என்பதெல்லாம் பதிவாளர் விருப்பம். விண்ணப்பித்தவர் பெயர் பத்திரிகையில் வெளியாகும், அதாவது முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஃபேனி லூ ஹேமர் 1962இல் பதிவு செய்யப் போன அன்றே பதினெட்டு ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இதில் ஒரு வேதனை. அப்போது பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21. தங்களுக்கே வாக்கு இல்லாத பிள்ளைகள்தான் தாத்தா பாட்டிகளை வாக்காளராக்க அலைந்தார்கள். மெக்கோமில் 1961 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறியது, உள்ளிருப்பில் கைதான பிரெண்டா டிராவிஸைப் பள்ளி சேர்க்க மறுத்ததற்காக.

1964 கோடைத் திட்டத்தில் தொண்டர்களின் பாதுகாப்புக்கு என்ன விதிகள் இருந்தன?

சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் வட மாநில வெள்ளை மாணவர்கள், ஒஹையோவின் ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி பெற்று, வாக்காளர் பதிவு வேலைக்கு உதவ மிசிசிப்பிக்குப் போனார்கள். ஆளுக்கு 500 டாலர் ஜாமீன் தொகையும் சாப்பாட்டுச் செலவும் சொந்தமாகக் கொண்டுவரச் சொன்னார்கள். கறுப்பின ஏழை மாணவர்களை வடிகட்டியது இந்த நிபந்தனைதான்; திட்டத்தின் பெரிய குறைகளில் ஒன்று.

விதிகள் கறாரானவை. தனியாக வெளியே போகாதே, குறிப்பாக இரவில். கிளம்பும்போது சொல், சேர்ந்ததும் தொலைபேசி செய், சொன்ன நேரத்துக்குச் செய்தி இல்லையென்றால் அலுவலகம் தேடத் தொடங்கும். ஊருக்குள் வரும் போகும் எல்லாச் சாலைகளையும் மனப்பாடம் செய். காருக்குள் எரியும் விளக்கின் பல்பைக் கழற்று, இரவில் கதவைத் திறந்தால் நீ குறியாகத் தெரிவாய். பெட்ரோல் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடு. ஆயுதம் என்று சொல்லக்கூடிய சுத்தியல், அரம் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிய வாசலில் நிற்காதே, திறந்த ஜன்னல் பக்கம் படுக்காதே.

தொலைபேசியிலும் ஓர் ஏற்பாடு. மாதக் கட்டணத்தில் எவ்வளவு தொலைவுக்கும் பேசும் வாட்ஸ் என்ற இணைப்பை ஸ்நிக் எடுத்தது. உள்ளூர் ஆபரேட்டர் இடையில் வராததால் அழைப்பைத் தடுக்கவோ ஒட்டுக்கேட்டுச் சொல்லவோ முடியாது. வந்த செய்திகளைத் தட்டச்சு செய்து அன்றன்றே பத்திரிகைகளுக்கும் மத்திய அரசின் நீதித்துறைக்கும் அனுப்பினார்கள்.

இத்தனையும் போதவில்லை. ஜூன் 21 அன்று, பயிற்சியின் இரண்டாம் தொகுதி இன்னும் ஒஹையோவில் இருக்கும்போதே, நெஷோபா கவுன்ட்டியில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் காணாமல் போனார்கள். போலீஸ் பிடித்து, இருட்டிய பின் விடுவித்து, வழியில் கொலையாளிகளிடம் சிக்க வைத்தது. இரவில் சிறையிலிருந்து வெளியே விட்டால் போகாதே என்று தொண்டர்களுக்குச் சொன்ன எச்சரிக்கையின் பொருள் இதுதான். சேனிக்கு 21, குட்மனுக்கு 20, ஷ்வெர்னருக்கு 24 வயது. உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் கிடைத்தன. அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் பதிவுக்கு முயன்றார்கள். ஏற்கப்பட்டது 1,600 அளவே. தொண்டர்கள் நடத்திய நாற்பதுக்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகள் மட்டும் எதிர்பார்த்ததைவிட நிறைந்தன.

இளம் பெண்களின் பங்கு ஏன் வெளியே தெரியவில்லை?

மேடை ஆண்களுக்குக் கிடைத்ததால். 1963 வாஷிங்டன் பேரணியின் முதன்மைப் பேச்சாளர்களில் ஒரு பெண்ணும் இல்லை; 23 வயது ஜான் லூயிஸ் பேசினார். வேலையைச் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். 1962இல் மிசிசிப்பியில் டயான் நாஷ் இரண்டாண்டுச் சிறைத் தண்டனையை எதிர்கொண்டார். சிறுவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்ததைச் சிறாரைக் கெடுத்த குற்றம் என்றார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. ரூபி டோரிஸ் 1966இல் ஸ்நிக்கின் நிர்வாகச் செயலாளரானார். அடுத்த ஆண்டு 25 வயதில் இறந்தார்.

பள்ளி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

பலர் படிப்பை முடிக்கவே இல்லை. ஆனால் சிலர் வழக்குப் போட்டதால் நாட்டின் எல்லா மாணவர்களுக்கும் உரிமை கிடைத்தது. அலபாமா மாநிலக் கல்லூரி 1960இல் ஒன்பது மாணவர்களை விசாரணையின்றி நீக்கியது. அரசுக் கல்லூரி நோட்டீசும் விசாரணையும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று டிக்சன் வழக்கில் 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அதே நீதிமன்றம் 1966இல் ஒரே நாளில் இரண்டு பேட்ஜ் வழக்குகளைத் தீர்த்தது. மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியாவில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற பேட்ஜ் அணிந்த மாணவர்கள் வென்றார்கள்; வகுப்பு கலையவில்லை. இசாக்வீனா கவுன்ட்டியில் பேட்ஜை மற்றவர்மேல் வலிந்து குத்தி வகுப்பைக் குலைத்ததால் தோற்றார்கள். இந்த வேறுபாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் 1969இல் டிங்கர் வழக்கில் எடுத்தாண்டது. மாணவர் பேச்சுரிமை பற்றி அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் அதுவே அளவுகோல்.

ஸ்நிக் ஏன் கலைந்தது?

ஒரே காரணம் இல்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில், வெள்ளையர் மட்டும் இருந்த மாநிலக் குழுவுக்கு எதிராக வந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் 68 பேருக்கு வெறும் இரண்டு இடம் தரக் கட்சித் தலைமை முன்வந்தது. சட்டப்படி எல்லாம் செய்தும் இதுதானா என்ற கசப்பு தங்கிவிட்டது. 1966 ஜனவரியில் அலபாமாவின் டஸ்கீகியில் சாமுவேல் யங் என்ற 21 வயதுத் தோழர் கொல்லப்பட்ட பின் வியட்நாம் போரை எதிர்த்து அறிக்கை விட்டார்கள், நன்கொடை சுருங்கியது. கறுப்பின அதிகாரம் என்ற முழக்கம், வெள்ளை உறுப்பினர்களை விலக்கிய முடிவு, எஃப்.பி.ஐ.யின் இரகசிய நடவடிக்கை எல்லாம் சேர்ந்தன. ஐந்தாறு ஆண்டு தூக்கமும் மருத்துவமும் இல்லாமல் பயத்தில் வாழ்ந்தவர்களின் களைப்பை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியில் எண்களில் என்ன மாறியது?

1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவு பெற்றவர்கள் 6.7 சதவீதத்திலிருந்து 1967க்குள் ஏறக்குறைய 60 சதவீதமானார்கள்.

ஆனாலும் சட்டம் வந்த பிறகும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1968 பிப்ரவரி 8 அன்று தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில், கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஒரு பவுலிங் விளையாட்டுக் கூடத்தை எதிர்த்த மாணவர்கள்மேல் நெடுஞ்சாலைப் போலீஸ் சுட்டது. மூவர் இறந்தார்கள், ஒருவர் இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். சுட்ட போலீசார் விடுதலையானார்கள். சிறை போனது காயம்பட்ட ஸ்நிக் பணியாளர் கிளீவ்லண்ட் செல்லர்ஸ். அவருக்கு மன்னிப்பு வந்தது 1993இல்.

பார்பரா ஜான்ஸின் பள்ளி என்ன ஆயிற்று?

பிரௌன் தீர்ப்பை ஏற்பதைவிடப் பள்ளிகளே வேண்டாம் என்று, ஃபார்ம்வில் ஊர் அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை வெளியூர் உறவினர்கள் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பல ஆண்டு பள்ளி இல்லாமல் வளர்ந்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அரசுப் பள்ளிகளின் கதவு திறந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிய அந்தக் கட்டடம் இப்போது மோட்டன் அருங்காட்சியகம். பார்பரா திரை விலக்கிப் பேசிய மேடை அங்கேதான் இருக்கிறது.